யாரும் தூக்க வேண்டாம்

மருத்துவமனையில் முதன்முதலாக "டிரான்ஸ்பர்" என்ற சொல்லைக் கேட்டபோது, என்னை வேறு வார்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். பதினெட்டு வருஷம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவளுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். இங்கிருந்து அங்கே மாற்றிவிடுவார்கள், நம்மிடம் கேட்க மாட்டார்கள். எனக்குப் பயிற்சி கொடுக்க வந்த மலாய்க்கார பிசியோதெரபிஸ்ட் சிரித்துவிட்டார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறி உட்காருவதற்குத்தான் அந்தப் பெயர் என்றார். "இதை உங்களுக்காக யாரும் செய்ய மாட்டார்கள். நீங்களே செய்வீர்கள்" என்று மலாயில் சொன்னார். அப்போது நான் அவரை நம்பவில்லை.

எனக்கு அன்று முப்பத்தொன்பது வயது. பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். மழை கொட்டிய ஒரு காலையில் எங்களை ஏற்றிப்போன வேன் வழுக்கிக் கவிழ்ந்தது. கூட வந்தவர்கள் சிராய்ப்போடு எழுந்து நின்றார்கள். நான் எழவில்லை. முதுகுத்தண்டில் அடி. தொப்புளுக்குக் கீழே எனக்கு உணர்வும் இல்லை, அசைவும் இல்லை.

மாறி உட்காருவது கேட்பதற்குச் சின்ன விஷயம். நாற்காலியைக் கட்டிலை ஒட்டிக் கொஞ்சம் சாய்வாக நிறுத்த வேண்டும். பிரேக் போட வேண்டும். நாற்காலியில் கட்டில் பக்கம் இருக்கும் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். கால்கள் இரண்டையும் கையால் எடுத்துத் தரையில் வைக்க வேண்டும். வழவழப்பான ஒரு பலகையின் ஒரு முனையைத் தொடைக்கு அடியில் செருகி, மறுமுனையை நாற்காலி மேல் போட்டு, முஷ்டியை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி நகர வேண்டும். இழுத்துக்கொண்டு போகக் கூடாது, தோல் உரிந்துவிடும். எல்லாவற்றையும்விட கஷ்டம், தலையைப் போக வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் குனிந்து சாய்க்க வேண்டும். தலை இந்தப் பக்கம் தணிந்தால்தான் இடுப்பு அந்தப் பக்கம் எழும்பும். உடம்பு சம்மதிக்காது. விழப் போகிறோம் என்று கத்தும்.

முதல் நாள் இருபது நிமிஷம் ஆனது. இரண்டாம் நாள் மெத்தைவிரிப்பில் முகம் குப்புற விழுந்தேன். அவர் என்னைத் தூக்கிவிட்டு, "லாகி செக்காலி" என்றார். இன்னொரு தடவை. அழுதேன். அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு மறுபடியும் அதையே சொன்னார். ஏழாவது வாரம் பலகை இல்லாமல் ஒரு நிமிஷத்துக்குள் மாறி உட்கார்ந்தேன். வார்டில் யாரும் கைதட்டவில்லை. எனக்கு மட்டும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விபத்துக்குப் பிறகு என் உடம்பை முதல்முதலாக நானே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோயிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான், நான் கற்றுக்கொண்டது பாதி என்று புரிந்தது. மீதிப் பாதி என் கையில் இல்லை, கட்டடம் கட்டியவர்கள் கையில் இருந்தது. எங்கள் பிளாட்டில் லிப்ட் ஏழாவது மாடியிலும் பத்தாவது மாடியிலும்தான் நிற்கும். நாங்கள் இருந்தது எட்டாவது மாடி. வாகனம் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்யும் என் கணவர் மூன்று மாதம் என்னை முதுகில் சுமந்து ஏற்றி இறக்கினார். அவர் முதுகு பிடித்துக்கொண்டதும், தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு பார்த்து மாறிவிட்டோம்.

அந்த முதல் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூலியா தெருவில் சாப்பிடப் போனோம். அங்கே கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி அகல நடைபாதை ஒரே மட்டத்தில் இருக்காது. ஒரு கடை வாசல் ஒரு சாண் உயரம், அடுத்தது இரண்டு சாண். கணவர் வண்டியை நிறுத்தப் போயிருந்தார். நான் வாசலில் காத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்த இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார்கள். நான் "வேண்டாம், விடுங்க" என்று சொல்வதற்குள் இடது கைப்பிடி கழன்று ஒருவர் கையோடு போய்விட்டது. நான் மாறி உட்காருவதற்காகவே கழற்றும்படி செய்த கைப்பிடி அது. தெருவோரச் சாக்கடைக் கால்வாய் விளிம்பில் முகம் மோதி விழுந்தேன். முன்பல் ஒன்று பாதி உடைந்தது.

அவர்கள் நல்லவர்கள். பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார்கள், தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்கள். அதுதான் எனக்கு அதிக ஆத்திரமாக இருந்தது. கெட்டவர்களாக இருந்தால் திட்டியாவது இருக்கலாம். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அன்றைக்கே முடிவு செய்தேன். இனி யாரும் என்னைத் தூக்கக் கூடாது. வழி இருந்தால் போவேன். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்பேன்.

அன்றிலிருந்து பையில் ஒரு அளவு நாடா இருக்கிறது. தொழிற்சாலையில் மில்லிமீட்டர் பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்பியவள் நான். கதவு, படி, சாய்தளம் எதைப் பார்த்தாலும் கை தானாக நாடாவுக்குப் போகும். ஒரு அடி உயரம் ஏற வேண்டுமென்றால் பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சாய்தளம் வேண்டும். இந்தக் கணக்கை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

போன வருஷம் என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. நான் அவனுக்கு ஒரே அக்கா. தாலி கட்டும்போது அவன் ஒரு முடிச்சுப் போட, மற்ற இரண்டு முடிச்சுகளையும் நாத்தனாரான நான்தான் பெண்ணின் பின்னால் இருந்து போட வேண்டும். மண்டபம் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கட்டடம். பெண் வீட்டார் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது கணவரோடு போய்ப் பார்த்தேன். வாசலில் சாய்தளம் இருந்தது, பரவாயில்லை. ஆனால் மணமேடை நாலு படி உயரம். நாடாவை வைத்துப் பார்த்தேன். எழுபத்திரண்டு சென்டிமீட்டர்.

மண்டபத்து மேலாளர் நல்ல பருமனான மனிதர், ஐம்பது வயதிருக்கும். என் கவலையைக் கேட்டுவிட்டுக் கையை உதறினார்.

"இதெல்லாம் ஒரு பிரச்சனையே இல்ல லா அக்கா. நாலு பேர் நம்ம ஆளுங்க இருக்காங்க. அலாக்கா தூக்கி மேல வச்சிருவாங்க."

"தூக்க வேண்டாம் அண்ணே. சாய்தளம் போட்டுக் குடுங்க."

"அவங்களுக்குப் பழக்கம் அக்கா. எத்தனையோ வயசானவங்கள தூக்கியிருக்காங்க. ஒருத்தரும் ஒன்னும் சொன்னதில்ல."

எனக்கு அப்போது என்ன தோன்றியதோ தெரியவில்லை. பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துத் தரச் சொன்னேன். பிரேக் போட்டு, கைப்பிடியைக் கழற்றி, அதில் மாறி உட்கார்ந்தேன். மேலாளர் பார்த்துக்கொண்டே நின்றார். என் சக்கர நாற்காலியைக் காட்டி, "நீங்க உக்காருங்க" என்றேன்.

"நானா?"

"நீங்கதான். ஒருத்தரும் ஒன்னும் சொன்னதில்லன்னீங்களே. நீங்க உக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

அங்கே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த நாலு ஆட்களும் சிரித்தார்கள். அவர்கள் எதிரே மறுக்க வெட்கப்பட்டு அவர் உட்கார்ந்தார். கைப்பிடியைத் தொடாதீர்கள், சட்டத்தைப் பிடியுங்கள் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். தூக்கினார்கள். முதல் படி ஏறியது. இரண்டாவது படியில் ஒருவர் பிடியை மாற்ற, நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்தது. மேலாளர் இரண்டு கையாலும் சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கால் இரண்டும் அந்தரத்தில் உதைத்தன. "போதும், போதும், இறக்குங்கடா" என்றார்.

"இன்னும் ரெண்டு படி இருக்கு அண்ணே" என்றேன்.

இறங்கி வந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "எவ்வளவு நீளம் வேணும்?" என்று கேட்டார். எட்டு மீட்டர் அறுபத்து நாலு என்றேன். வலது பக்கச் சுவரை ஒட்டிப் போட்டால் இரண்டு சாப்பாட்டு மேஜை குறையும் என்று முனகினார். கடைசியில் சம்மதித்தார். தச்சருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்துவிட்டு வந்தேன்.

மண்டபத்தைவிட வீட்டில்தான் தகராறு பெரிது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, தட்டு வரிசை பேச வந்தபோது மெதுவாக ஆரம்பித்தார்.

"நல்ல காரியம் பாரு. உன் சித்தப்பா மக இருக்கா. அவளும் தம்பிக்கு அக்கா முறைதானே. அவ போட்டா என்ன? நீ கீழ முன்வரிசையில உக்காந்து அட்சதை போடு."

"ஏன் பெரியம்மா?"

"உனக்கு எதுக்குச் சிரமம்னுதான்."

"சிரமம் எனக்குத்தானே. நான் பட்டுக்கிறேன்."

பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா தட்டில் இருந்த வெற்றிலையை அடுக்கிக்கொண்டே இருந்தார். பெரியம்மா குரலைத் தணித்து, "முழு உடம்போட இருக்கறவங்க முடிச்சுப் போட்டா மனசுக்கு நிம்மதி. நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்றார்.

அதைக் கேட்டதும் காது சூடாகிவிட்டது. நான் சத்தம் போடவில்லை. "என் கை ரெண்டும் முழுசாத்தான் இருக்கு பெரியம்மா. முடிச்ச யாரும் காலால போடறதில்ல" என்றேன். பெரியம்மா அதற்கு மேல் உட்காரவில்லை. அவர் போன பிறகு அம்மா, "நீ கொஞ்சம் பொறுமையா பேசியிருக்கலாம்" என்றார். "நீங்க கொஞ்சம் பேசியிருக்கலாம்" என்றேன்.

கல்யாணப் பெண் பள்ளிக்கூட ஆசிரியை. விஷயம் எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை ஒரு மஞ்சள் கயிற்றோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று நினைத்து மனதுக்குள் முறுக்கிக்கொண்டேன். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"அக்கா, நான் மணையில உக்காந்திருப்பேன், தரையோட தரையா. நீங்க நாற்காலியில இருந்தா உங்க கைக்கு என் கழுத்து எட்டுமா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. படி, சாய்தளம் என்றே அலைந்துகொண்டிருந்தேன். அவள் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார, நான் பின்னால் வந்து குனிந்து பார்த்தேன். கால் வைக்கும் தட்டு அவள் முதுகில் இடித்தது. கை எட்டவில்லை. இன்னும் குனிந்தால் நானே அவள் மேல் விழுவேன். வயிற்றுத் தசை எனக்கு வேலை செய்யாது.

கணவர் பட்டறையிலிருந்து இரும்புக் குழாய் கொண்டுவந்து ஒரு தாழ்ந்த பெஞ்சு செய்தார். முப்பது சென்டிமீட்டர் உயரம், மேலே தடித்த பஞ்சு, முதுகுச் சாய்வு. நாற்காலியிலிருந்து அதில் இறங்குவது எளிது. திரும்ப ஏறுவதுதான் உயிரை எடுத்தது. கல்யாணம்வரை வாராவாரம் சனிக்கிழமை அவள் வந்து தரையில் உட்கார்ந்தாள். நான் இறங்கினேன், முழங்கைகளைத் தொடையில் ஊன்றி நிதானப்படுத்திக்கொண்டு முடிச்சுப் போட்டேன், ஏறினேன். ஒருநாள் கை வழுக்கி அவள் தோளில் சாய்ந்துவிட்டேன். "பரவாயில்ல அக்கா, அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தூக்க முயலவில்லை. நானாகவே நிமிரும்வரை காத்திருந்தாள். தம்பி நல்ல பெண்ணாகத்தான் பார்த்திருக்கிறான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டோம். பட்டுச் சேலையைப் பாவாடை மாதிரி தைத்துக் கட்டியிருந்தேன். உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் பார்த்தேன். சாய்தளம் இருந்தது, சிவப்புக் கம்பளம் விரித்து. ஆனால் நான் கொடுத்த நீளத்தில் பாதி. மீதி இடத்தில் அந்த இரண்டு மேஜைகளும் அப்படியே நின்றன. கணவர் நடுவில் கால் வைத்து அழுத்திப் பார்த்தார். பலகை வளைந்தது. ஓரத்தில் தடுப்பும் இல்லை. அதில் ஏறினால் நாற்காலியோடு பின்னால் கவிழ்வேன், அல்லது பக்கவாட்டில் உருளுவேன்.

மேலாளர் ஓடி வந்தார். "பெண் வீட்டுல ஆள் அதிகம்னு சொன்னாங்க அக்கா. மேஜைய எடுக்க முடியல. தாலி கட்டுற நேரத்துல நாங்க ஒரு கை கொடுத்திடுறோம்."

மேஜையை எடுத்தாலும் மீதிப் பலகைக்கு இனி எங்கே போவது? ஆறு வாரம். அத்தனை சனிக்கிழமை. இரண்டு மேஜைக்காக.

முகூர்த்தம் நெருங்கியது. மேளச் சத்தம் ஏறியது. மேடையில் ஐயர் என்னைக் கூப்பிட்டார். சொந்தக்காரர்கள் ஐந்தாறு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தார்கள். "நேரமாச்சு, தூக்குங்க, தூக்குங்க." யாரோ ஒருவர் கை என் அக்குளுக்குள் வந்தது.

"தொடாதீங்க" என்றேன். நான் நினைத்ததைவிட சத்தமாக வந்துவிட்டது. முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கை விலகியது.

கணவரைப் பார்த்தேன். நாற்காலியைப் படியோரம் கொண்டுபோய் நிறுத்தினார். பிரேக் போட்டேன். கைப்பிடியைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். தலையை ஒரு பக்கம் தணித்து, உடம்பை இரண்டாவது படிக்கு மாற்றினேன். முதுகு மேடைப் பக்கம், முகம் கூட்டத்துப் பக்கம். கால் இரண்டையும் எடுத்துக் கீழ்ப்படியில் வைத்தேன். கைகளைப் பின்னால் மேல்படியில் ஊன்றினேன். தூக்கினேன். ஒரு படி. காலை எடுத்து வைத்தேன். மறுபடி ஊன்றினேன்.

முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் குனியவில்லை. பார்க்கட்டும் என்றிருந்தது. இந்தப் படியைக் கட்டியது யார், இந்தப் பலகையைக் குறைத்தது யார் என்று பார்த்துக்கொள்ளட்டும். வெட்கப்பட வேண்டியவள் நான் இல்லை. மேளக்காரர் ஒரு கணம் வாசிப்பை நிறுத்தப் பார்த்தார், ஐயர் கையசைத்ததும் தொடர்ந்தார். கடைசிப் படிக்கு முன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். இரண்டு மூச்சு விட்டுவிட்டு ஏறினேன்.

கணவர் காலையிலேயே மணைக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்திருந்த பெஞ்சு, மேடைத் தரையிலிருந்து முப்பது சென்டிமீட்டர்தான். அதில் ஏறி உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கல்யாணப் பெண் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவள் தோள் மட்டும் லேசாகப் பின்னுக்கு வந்தது, சனிக்கிழமைகளில் வருவதைப் போல. தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கயிற்றை என்னிடம் விட்டான். அவன் விரல் ஐஸ் மாதிரி இருந்தது. நான் இரண்டாவது முடிச்சையும் மூன்றாவது முடிச்சையும் இறுக்கிப் போட்டேன்.

இறங்கும்போது யாரும் கிட்டே வரவில்லை. வழி விட்டு நின்றார்கள். அம்மா மட்டும் கடைசிப் படியருகே வந்து, என் நாற்காலியின் பிரேக் போட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அம்மா அதை அதற்கு முன்பு ஒருநாளும் செய்ததில்லை. பெரியம்மா அன்று என்னிடம் பேசவில்லை. இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை. அது அவர் பாடு.

அந்த நாலு படியும் சும்மா விடவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து சேலையைக் களைந்தபோது, இடுப்பின் பின்பக்கம் உள்ளங்கை அளவுக்குத் தோல் உரிந்திருப்பதைக் கணவர் பார்த்தார். எனக்கு அங்கே வலி தெரியாது. உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து நாள் குப்புறப் படுத்தே கிடந்தேன். தைரியசாலி என்று சிலர் போன் செய்தார்கள். எனக்கு அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை. ஒழுங்கான சாய்தளம் இருந்திருந்தால் என் தோல் என்னிடமே இருந்திருக்கும்.

இன்னொன்றையும் அன்று யாரும் பார்க்கவில்லை. காலையிலிருந்து நான் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அந்த மண்டபத்தில் எந்தக் கழிவறைக் கதவு வழியாகவும் என் நாற்காலி நுழையாது. கல்யாணச் சாப்பாட்டையும் தொட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

புண் ஆறியதும் மண்டபத்துக்குப் போனேன். மேலாளர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "அன்னிக்கு ரொம்ப வருத்தமா போச்சு அக்கா" என்றார்.

"வருத்தம் இருக்கட்டும் அண்ணே. சாய்தளத்த முழு நீளத்துக்குப் போடுங்க. கழிவறைக் கதவ அகலமாக்குங்க."

"முதலாளிகிட்டப் பேசி அடுத்த வருஷம் பாக்கலாமே."

"சரி" என்று சொல்லிவிட்டு, அவர் அலுவலக அறை வாசலிலேயே நாற்காலியைத் திருப்பி நிறுத்திப் பிரேக் போட்டேன். மண்டபம் பேச வருகிறவர்கள் அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். இரண்டு குடும்பத்தார் வந்தார்கள். "உள்ள போகணுமா? கொஞ்சம் இருங்க, அண்ணன் முதலாளிக்கு ஒரு போன் பண்ணிட்டா நகந்துக்கிறேன்" என்றேன். என்ன விஷயம் என்று கேட்டவர்களுக்கு முழுசாகச் சொன்னேன். அதில் ஒரு அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றியிருந்தது. அவரும் மேடையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமா, நான் எப்படி ஏறுவேன்?" என்று மேலாளரைக் கேட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து மேலாளர் என் எதிரிலேயே முதலாளியைக் கூப்பிட்டார். பிறகு தச்சரைக் கூப்பிட்டார். நான் அளவுகளைச் சொல்லச் சொல்ல அவர் போனில் திருப்பிச் சொன்னார்.

சாய்தளம் இப்போது இரும்புச் சட்டத்தில் நிரந்தரமாக இருக்கிறது, இருபக்கமும் கைப்பிடியோடு. பிள்ளை வண்டி தள்ளுகிறவர்களும், சாப்பாட்டுப் பாத்திரம் ஏற்றுகிறவர்களும், முட்டி வலிக்காரர்களும் அதில்தான் ஏறுகிறார்கள். மண்டபம் பார்க்க வருகிறவர்களிடம் மேலாளர் அதைத் தன் யோசனை மாதிரி காட்டுவதாகக் கேள்விப்பட்டேன். காட்டட்டும். கழிவறைக் கதவு தொண்ணூறு சென்டிமீட்டர். நானே நாடாவை வைத்துப் பார்த்தேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.